கீழே வைத்த கோப்பை

கரக்,
1995 டிசம்பர் 21, வியாழன்.

அன்புள்ள அவ்வாதுக்கு,

அல்லாஹ்வின் சாந்தி உங்கள்மேல் நிலவட்டும். ஓமான் வெயில் உங்களிடம் கொஞ்சம் கருணையோடு நடந்துகொள்ளட்டும். இங்கே நான்கு நாளாக மழை. கோட்டைப் பக்கமிருந்து வரும் காற்று நம் சமையலறை ஜன்னலை வழக்கம்போல ஆட்டிக்கொண்டிருக்கிறது. ஆரஞ்சுத் தோலை ஹீட்டர்மேல் போட்டுவிட்டு, அந்த வாசனையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பதில் எழுதத் தாமதமானதற்குத் தபால்காரரைக் குறை சொல்ல முடியாது. மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். அதில் ஒன்றை ஜுல்னார் கப்பல் செய்து வாசல் தண்ணீரில் விட்டாள். அது பக்கத்து வீட்டுப் படி வரைக்கும் போனது. "அப்பாகிட்ட போய்ச் சேர்ந்துடும்" என்றாள். நல்லவேளை, சேரவில்லை. அந்த மூன்றிலும் பொய்தான் இருந்தது.

கடிதத்தில் நீங்கள் இரண்டே கேள்விகள் கேட்டிருந்தீர்கள். மகள் பள்ளிக்கூடத்தில் எப்படிப் படிக்கிறாள் என்பது ஒன்று. அங்கே பள்ளியில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டித் தருகிறார்கள், பிப்ரவரிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், நீ என்ன நினைக்கிறாய் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு "மிக நன்றாகப் படிக்கிறாள்" என்றும், இரண்டாவதற்கு "உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள்" என்றும் மூன்று முறையும் எழுதியிருந்தேன். நீங்கள் கணக்கு ஆசிரியர். விடையைத் தப்பாக எழுதி அழகான கையெழுத்தில் கொடுக்கும் பிள்ளைகளை உங்களுக்குப் பிடிக்காது. இரண்டையும் இப்போது திருத்தி எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை ஜுல்னார் அங்கே ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "ஆஜர்" என்றுகூடச் சொல்லவில்லை. விரலை மட்டும் தூக்குவாள். வீட்டில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கேஸ் வண்டிக்காரர் சிலிண்டரைத் தட்டும் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டி, இரண்டு வீட்டுப் பெண்களைக் காலி சிலிண்டரோடு வாசலுக்கு ஓடிவர வைத்தவள். அந்தப் பெண் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் உதட்டைப் பூட்டிக்கொண்டுவிடுவாள். எழுதச் சொன்னால் அழகாக எழுதுகிறாள். படிக்கச் சொன்னால் புத்தகத்தைப் பார்க்கிறாள், ஆசிரியையைப் பார்க்கிறாள், கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

இதை உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் அங்கே தனியாக இருந்து என்ன செய்துவிட முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. என் வளர்ப்பில்தான் ஏதோ கோளாறு என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களோ என்று பயந்தேன்.

உங்கள் அக்கா கஸ்னாவுக்குச் சந்தேகமே இல்லை, கண்ணேறுதான் என்றார். படிகாரத்தைச் சுட்டுப் பிள்ளையைச் சுற்றிப் போட்டார். சுட்ட படிகாரம் கோழி மாதிரி உருண்டு நின்றது. அதைப் பார்த்து, "கோழி வளக்கிற எவளோதான் கண்ணு வச்சிருக்கா" என்று தீர்ப்புச் சொன்னார். நம் தெருவில் கோழி வளர்ப்பது அவர் ஒருவர்தான் என்று நான் சொன்னதும், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்கு முன்பே நவம்பரில் தலைமையாசிரியை நுஸ்ஹா என்னை அழைத்திருந்தார். உயரமான பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருப்பார். அதை எடுத்து மாட்டினாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். அரையாண்டுத் தேர்வில் வாசிப்புக்கு மதிப்பெண் உண்டு, வாய் திறக்காத பிள்ளைக்கு எதைப் பார்த்துப் போடுவது, இந்த வருஷம் நிறுத்திவிட்டு அடுத்த வருஷம் சேருங்கள், அதற்குள் தலைநகர் அம்மானுக்குப் போய் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் பேசத் தொடங்கினேன். நீங்கள் ஊரில் இல்லாதது, பிறக்கும்போது அவள் எடை குறைவாக இருந்தது, மழையில் கூரை ஒழுகுவது, என் வேதியியல் பட்டம், கேஸ் வண்டி, எல்லாவற்றையும் சொன்னேன். இருபது நிமிஷம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிம்மா, ருதைனா. இப்ப நான் என்ன செய்யணும்னு கேக்கற?" என்றார்.

  கல்லூரி ஆய்வுக்கூடத்தில், அவ்வாத், ஒவ்வொரு சீசாவுக்கும் சீட்டு ஒட்டாமல் கை வைக்கமாட்டேன். எனக்கு என்ன வேண்டும் என்ற சீசாவுக்கு மட்டும் நான் சீட்டே ஒட்டியதில்லை. "நல்லது எதுவோ அதச் செய்யுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் என் தொழுகையை நினைத்துக்கொண்டேன். என் துஆக்களும் அப்படித்தான். "இறைவா, எது நல்லதோ அதைக் கொடு" என்று சுற்றிவளைத்துவிட்டு எழுந்துவிடுவேன். அவனிடமாவது நேராகக் கேட்டிருக்கலாம்.

அன்று சாயங்காலம் ஜுல்னார் என் தொழுகை விரிப்பின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள், "அல்லாஹ்வுக்கு மனசுக்குள்ள சொன்னாலே கேக்கும்ல?"

கேட்கும் என்றேன்.

"அப்ப டீச்சருக்கு மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குது?"

டீச்சர் மனுஷிதானே என்றேன். மனுஷங்களுக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றேன். அவள் விரிப்பின் ஓரத்து நூலை இழுத்துக்கொண்டே, "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

விஷயம் உங்கள் பெரியப்பா அபூ ஃபர்ஹான் காதுக்குப் போய்விட்டது. உங்கள் அக்கா பேசாமலிருந்த அந்த இரண்டு நாளும் என்னிடம் மட்டும்தான் பேசவில்லை போலிருக்கிறது. பெரியப்பா மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். "இதுக்குப் போயா அழுவாங்க? பதினஞ்சு ஆம்பளைங்களக் கூட்டிக்கிட்டு நாளைக்கே அந்தம்மா வீட்டுக்கு ஜாஹா போறேன். கொலைப் பழியவே பேசித் தீத்தவன் நான். ஒண்ணாங் கிளாஸ் என்ன பெரிய விஷயம்?" என்றார். பெண் கேட்கவும் பகை தீர்க்கவும் போகிற ஊர்ப்பெரியவர்கள் கூட்டத்தை, வாசிப்பு மதிப்பெண் கேட்டுத் தலைமையாசிரியை வீட்டு வாசலில் நிறுத்தினால், பிறகு நான் கரக்கில் எப்படி நடமாடுவது? கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தடுத்தேன். உங்கள் அக்கா, "இவ படிச்சவ இல்ல, இவளே பேசிக்குவா. இருபது நிமிஷம் பேசினாளே! பேசாம அந்தப் பட்டத்தக் கத்திரிக்காயோட சேத்து எண்ணெயில ஊறப் போடு, ஊறுகாயா குளிர்காலத்துக்காவது ஆகும்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அதே வாரம் பெரியப்பாவின் பேரனுக்குப் பெண் கேட்டுப் பக்கத்து ஊர் ரப்பாவுக்கு ஜாஹா போனார்கள். நாங்களும் போனோம். பெண்களெல்லாம் உள்ளறையில். ஜுல்னார் கதவிடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு வெளியே நடப்பதை எங்களுக்கு வர்ணித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அம்மா, பெரிய தாத்தாவுக்குக் காப்பி குடுத்தாங்க. அவர் குடிக்காம கீழ வச்சுட்டார். கோவமா?" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவளைப் பக்கத்தில் இழுத்துச் சொன்னேன்: கோபமில்லை. வந்த காரியத்தைச் சொல்லும் வரை கோப்பையைத் தொடமாட்டார். கேட்டது கிடைக்கும் என்று வீட்டுக்காரர் வாயால் சொன்ன பிறகுதான் குடிப்பார். அதுவரை கூட வந்தவர்களும் குடிக்கமாட்டார்கள். கீழே வைத்த கோப்பையை எந்த நல்ல வீட்டுக்காரரும் ஆறிப்போக விடமாட்டார்.

"நெசமாவா? கண்டிப்பாக் குடுத்துடுவாங்களா?" என்று கேட்டாள்.

பெரும்பாலும் என்றேன். பெரும்பாலும் என்ற சொல் அவள் காதில் விழவில்லை என்று இப்போது தெரிகிறது.

டிசம்பர் ஐந்தாம் தேதி, தேர்வுப் பட்டியலில் பெயர் சேர்க்கும் கடைசி நாள். தலைமையாசிரியை எங்கள் இருவரையும் வரச் சொன்னார். பட்டியல் மேஜைமேல் இருந்தது. ஜுல்னாரின் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தது. தலைகீழாக இருந்தாலும் எனக்குத் தெரிந்தது. பள்ளி ஆயா உம்மு சலீம் தட்டோடு வந்தார். எனக்குக் காப்பி, பிள்ளைக்குத் தேநீர். கண்ணாடித் தம்ளர்கள் கழுவாமல் கிடந்ததால், கைப்பிடியில்லாத சின்னக் காப்பிக் கோப்பையிலேயே தேநீரை ஊற்றிக் கொடுத்தார். எல்லாம் அதனால் வந்ததுதான்.

ஜுல்னார் கோப்பையை வாங்கினாள். இரண்டு கையாலும் மேஜைமேல் தனக்கு நேராக வைத்தாள். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, கைகளை முழங்கால்மேல் ஊன்றிக்கொண்டாள். முதுகை அப்படி நிமிர்த்தியிருந்தாள், அச்சு அசல் உங்கள் பெரியப்பா. மேலங்கியும் மீசையும்தான் இல்லை.

"குடிம்மா" என்றார் நுஸ்ஹா. அசையவில்லை. "ஆறிடும் கண்ணு." அசையவில்லை. நான் தொடையில் கிள்ளினேன். அதற்கும் அசையவில்லை.

நுஸ்ஹா கண்ணாடியை எடுத்து மாட்டினார். கோப்பையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "இது யாரோட ஏற்பாடு, ருதைனா? உங்க பெரியப்பா ஜாஹா வரப்போறதா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறார்னு கேள்விப்பட்டேன். ஆம்பளைங்கள அனுப்ப முடியலன்னு கொழந்தைக்குச் சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வந்தியா?"

என் வாயில் இன்னொரு இருபது நிமிஷம் தயாராக இருந்தது. முதலிலிருந்து தொடங்கியிருப்பேன். ஆனால் ஜுல்னார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் "இல்ல டீச்சர்" என்று மட்டும் சொன்னேன்.  என் காப்பிக் கோப்பையை எடுத்து, அவள் கோப்பைக்குப் பக்கத்தில் கீழே வைத்தேன். கூட வந்தவர்களும் குடிக்கக்கூடாது அல்லவா?

 நுஸ்ஹாவும் இந்த ஊர்க்காரர்தான். அவர் தகப்பனார் வீட்டுக் கூடத்திலும் எத்தனையோ கோப்பைகள் கீழே வைக்கப்பட்டிருக்கும். மெல்ல எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்தார். வீட்டுக்காரர் எப்படிக் கேட்பாரோ அப்படியே கேட்டார்: "வந்தவங்களுக்கு வரவேற்பு. வந்த காரியம் என்ன?"

என் மகள் பேசினாள், அவ்வாத்.

முதலில் ஒன்றும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பிறகு "பிஸ்மில்லாஹ்" என்றாள். மெல்லிய குரல், ஆனால் கேட்டது. "நல்ல வீடுன்னு தெரிஞ்சுதான் வந்தோம்." அது பெரியப்பா ரப்பாவில் சொன்னது. அந்த ஈரச்சுவர் ஆபீஸில் அதைக் கேட்டு உம்மு சலீம் தட்டால் வாயை மூடிக்கொண்டார். ஜுல்னார் நிறுத்தவில்லை. "நான் படிக்கறப்ப எல்லாரும் என்னப் பாக்கறாங்க. பாக்கக் கூடாது. எல்லாரும் செவுத்தப் பாத்துத் திரும்பிக்கணும். அப்ப படிப்பேன்."

அவ்வளவுதான். மூன்று மாதம் நான் தேடிய பதில். படிகாரத்தில் இல்லாதது, அம்மானில் இல்லாதது. அதுவரை "ஏன் பேச மாட்டேங்கற?" என்றுதான் எல்லோரும் அவளைக் கேட்டோம், நான் உள்பட. "உனக்கு என்ன வேணும்?" என்று யாரும் கேட்கவில்லை.

நுஸ்ஹா கண்ணாடியைக் கழற்றினார். கழற்றும்போது கண்ணையும் துடைத்துக்கொண்டார், நான் பார்த்தேன். பிறகு அழிப்பானை எடுத்து அந்தப் பென்சில் கோட்டை அழித்துவிட்டு, "ஜுல்னார் அவ்வாத், உன் கோப்பையக் குடி. கேட்டு வந்தது கெடைச்சாச்சு" என்றார்.

ஒரே மடக்கில் குடித்தாள். பெரியவர்கள் போதும் என்பதற்குச் செய்வதுபோல் கோப்பையை ஆட்டினாள். மிச்சத் தேநீர் பட்டியல்மேல் தெறித்தது. உம்மு சலீமுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தட்டைக் கீழே போட்டுவிட்டு நீளமாக ஒரு குலவை போட்டார். பக்கத்து வகுப்புகளிலிருந்து ஆசிரியைகள் ஓடிவந்து, "யாருக்கு நிச்சயம்? யாருக்கு நிச்சயம்?" என்று கேட்டார்கள். கணக்கு டீச்சருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்து வந்த சனிக்கிழமை வாசிப்பு வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்களாம். ஆசிரியையும் கரும்பலகையைப் பார்த்து நின்றாராம். ஜுல்னார் முழுப் பாடத்தையும் படித்தாள். அடுப்பில் ரொட்டி சுடும் பாடம். அதற்குள் மற்ற பிள்ளைகளுக்கும் ஆசை வந்து, எங்களுக்கும் சுவர் வேண்டும் என்று கேட்கிறார்களாம். இந்தத் திங்கட்கிழமை முன்வரிசைப் பெண் ஒருத்தி பாதியில் திரும்பிப் பார்த்துவிட்டாள். ஜுல்னார் நிறுத்தவில்லை. "பாத்தா பாத்துட்டுப் போறா" என்று என்னிடம் சொன்னாள். உடற்பயிற்சி ஆசிரியையிடம் இன்னும் வாய் திறப்பதில்லை. பரவாயில்லை. அந்த அம்மாள் விசில் ஊதுகிறார், எனக்கே பயம்தான்.

உங்கள் பெரியப்பாவுக்கு முதலில் வருத்தம், தன்னை விட்டுவிட்டுக் காரியம் முடிந்துவிட்டதே என்று. இப்போது வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், "நாப்பது வருஷமா ஜாஹா போறேன். பதினஞ்சு பேர் பின்னால இல்லாம ஒரு வாசல் மிதிச்சதில்ல. இவ தனியாப் போய் வாங்கிட்டு வந்துட்டா" என்கிறார். உங்கள் அக்கா, அது படிகாரத்தால்தான் என்கிறார். இருக்கட்டும். இரண்டு பேருக்கும் நான் மறுப்புச் சொல்லவில்லை.

ஆக, முதல் கேள்விக்கு என் திருத்திய விடை: உங்கள் மகள் படிக்கிறாள், சத்தமாக.

இனி இரண்டாவது. நான்கு வருஷமாக உங்களுக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் மனத்துக்குள் புரட்டிப் பார்த்தேன். கூரை, மழை, ஆலிவ் பறிப்பு, யாருக்குக் குழந்தை, யாருக்குக் காய்ச்சல், எல்லாம் இருக்கிறது. எனக்கு என்ன வேண்டும் என்பது ஒன்றில்கூட இல்லை. சொன்னால் உங்களுக்குப் பாரமாகிவிடும் என்று நினைத்தேன். மேல்மாடி கட்டி முடிக்க வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு நடுவில் வரக்கூடாது என்று நினைத்தேன். அல்லாஹ்வுக்கு மட்டும்தான் மனத்துக்குள் சொன்னது கேட்கும் என்பதை என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த நானே மறந்துவிட்டேன்.

அதனால் முறைப்படி கேட்கிறேன். பிஸ்மில்லாஹ். நல்ல மனிதர் என்று தெரிந்துதான் வந்தேன். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஜூனில் வீட்டுக்கு வாருங்கள், திரும்பிப் போகாதீர்கள். மேல்மாடி இல்லாமல் நாங்கள் இருந்துகொள்வோம். இங்கே பள்ளிகளிலும் கணக்கு இருக்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம், ஏலக்காய் தட்டிப் போட்டு, நீங்கள் விரும்பும் கசப்பில் என் கோப்பையில் காப்பி ஊற்றி, ஜன்னலோரம் உங்கள் நாற்காலிக்கு எதிரே வைத்தேன். தினமும் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுகிறேன். தட்டு போட்டு மூடிவைப்பது ஜுல்னாரின் வேலை. அன்றிலிருந்து நான் காப்பி குடிக்கவில்லை. காப்பி இல்லாமல் நான் எப்படி இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்றோடு மூன்று நாள் தலைவலி. இந்தக் கடிதம் போய்ச்சேரப் பன்னிரண்டு நாள், உங்கள் பதில் வரப் பன்னிரண்டு நாள். அதற்குள் ரமளான் வாசலுக்கு வந்துவிடும். சீக்கிரம் எழுதினால் நோன்புக்கு முன்னால் ஒரு கோப்பையாவது கிடைக்கும்.

நலம் விசாரிப்பெல்லாம் பின்னால் வரட்டும். முதல் வரியில் ஒரே ஒரு சொல் எழுதினால் போதும். கீழே வைத்த கோப்பைக்கு வீட்டுக்காரர் சொல்லும் சொல், நுஸ்ஹா சொன்ன அதே சொல். அப்பாவுக்கு அது தெரியுமா என்று ஜுல்னார் கேட்கிறாள். தெரியும் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கையையும் கண்ணையும் கரும்பலகைத் தூசியிலிருந்து அல்லாஹ் காக்கட்டும். போன வழியே உங்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

காத்திருக்கும்,
ருதைனா